அப்பத்தா முடிச்சில் இருந்த ரூபாய்

மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி பக்கம் கொஞ்ச நாள் போகாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம், வெயிலைத் தவிர.

ஊர் வீட்டை ஒதுங்க வைத்தபோது அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் பதினோரு விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் கிடைத்தது. பத்து சுருக்குப்பையில். ஒன்று மட்டும் தனியாக, ஒரு கிழிசல் துணியில் முடிச்சுப் போட்டு. எல்லாமே 1862 என்று போட்டவை. அதில் அதிசயம் இல்லை, அந்த வருஷத்தை மாற்றாமலே 1874 வரை அடித்திருக்கிறார்கள்.

முடிச்சுக் காசைச் சுண்டினேன். மற்றதெல்லாம் ‘ணங்’ என்கிறது, இது ‘டொக்’. மருமகள் கேக் செய்ய வாங்கிய தராசில் வைத்தேன். நல்ல ரூபாய் 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்கில் சரியாக ஒரு தோலா. தேய்மானம் போக மற்ற பத்தும் பதினொன்றரையை ஒட்டி நின்றன. இது 9.70. அதே அளவில் செம்பில் செய்தால் பத்து கிராம் சொச்சம்தான் வரும், கணக்கு இடிக்கவில்லை. காந்தம் வைத்துப் பார்த்தாயா என்று கேட்பாய். வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. இன்று சேகரிப்பவர்களை ஏமாற்றச் செய்கிற இரும்புப் போலிக்குத்தான் காந்தம். இது அந்தக் காலத்திலேயே சந்தையில் மாற்றச் செய்த அசல் கள்ளக்காசு!

லென்ஸில் பார்த்தால் ராணியின் கன்னத்திலும் கிரீடத்திலும் செம்பு சிவந்து தெரிகிறது. எழுத்தெல்லாம் மழுங்கல், காசின் வெற்றுப் பரப்பில் ஊசிக்குத்துப் போல் குழிகள். நல்ல காசை மண்ணில் பதித்து வார்த்திருக்கிறான். விளிம்பு வரிகளை அரத்தால் கையாலேயே கீறியிருக்கிறான், ஒன்று நெருக்கம், ஒன்று அகலம்.

பூச்சு எப்படிப் போட்டான் என்பதில்தான் எனக்கு மூன்று நாள் போனது. ரோமாபுரிக் கள்ளர்கள் செம்பு வில்லையை வெள்ளித் தகட்டில் பொதிந்து சூடாக்குவார்கள். வெள்ளி தனியே உருக 961 டிகிரி வேண்டும், ஆனால் செம்பைத் தொடும் இடத்தில் 779-லேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு அச்சில் அடிப்பார்கள். அப்படியானால் தகடு தடியாக இருக்கும், விளிம்பில் மடிப்பு தெரியும், தேய்ந்தால் தோல்போல் உரியும். என்னுடையதில் மடிப்பே இல்லை, குழிகளுக்குள்ளும் வெள்ளி இறங்கியிருக்கிறது. ஆக, வார்த்த பிறகு பூசியதுதான்.

தெற்காவணி மூல வீதியில் ஒரு வயதான பத்தரிடம் காட்டினேன். “ரசப்பூச்சு சார்” என்றார். வெள்ளியைப் பாதரசத்தில் குழைத்துத் தடவி நெருப்பில் காட்டினால் ரசம் ஆவியாகிப் போய்விடும், வெள்ளி நிற்கும். திராவகத்தில் கரைத்த வெள்ளியில் உப்புப் போட்டால் திரிந்த பால்போல் வெள்ளையாக அடியில் தங்கும், அதைச் செம்பில் தேய்த்தும் பூசலாமாம். ஆனால் அது நாலு கை மாறுவதற்குள் போய்விடும். எனக்கென்னவோ மின்சாரத்தால் பூசும் பேட்டரி முலாம் என்றுதான் படுகிறது. எல்கிங்டன் குடும்பத்தார் இங்கிலாந்தில் 1840-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பத்தர் சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை. சங்கப் புலவர் சிலர் பெயரில் ‘வண்ணக்கன்’ என்று வருமே, நாணயம் பார்ப்பவர், அந்த வம்சம் போலிருக்கிறது அவர் முகம்.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, காசு தெரியும். இதை யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். ஏன் கட்டவில்லை என்று அத்தையைக் கேட்டேன். “கொடுத்தவன் மறுபடி வருவான்னு வச்சிருந்துச்சு” என்றார்.

கீழமாசி வீதிக் கடையில் உங்கப்பா கல்லாப்பெட்டி மேல் ஆணியடித்து வைத்திருந்தாரே ஒரு கள்ள ரூபாய், அது உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அதன் விளிம்பு வரியைப் பார்த்து எழுது. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது எடுத்து வா. பளபளப்பாக்குகிறேன் என்று மதினி புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார், சொல்லி வை.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்