ஆறாவது அடுக்கு

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மலர்,

நீ வாங்கப்போவதாகச் சொல்லி அனுப்பிய பழைய வண்டியின் படங்களைப் பார்த்தேன். 2007 மாடல், ஏழு பேர் உட்காரலாம், மேலே கேரியர், விலையும் கட்டுப்படியாகிறது என்று எழுதியிருந்தாய். உன் அம்மா படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, "நல்லா உசரமா, அம்சமா இருக்குது" என்றாள். எனக்கு அந்த உசரம்தான் உறுத்தியது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு அப்போது நான்கு வயது இருக்கும். கோழி ஏற்றுகிற வண்டிக்காரர் ஒருவர் நம் பட்டறைக்கு வந்தார். கூண்டுக்கு ஐந்து அடுக்கு வைத்துக் கட்டிய வண்டி. இன்னொரு அடுக்கு ஏற்றித் தந்தால் நடைக்கு இத்தனை கோழி கூடும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு அடி உயரம்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஆங்கிள் வெட்டி, வெல்டு வைத்து, பெயின்ட் காய்வதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினோராம் நாள் ராத்திரி அந்த வண்டி கவிழ்ந்தது. சந்திலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்திருக்கிறது. டிரைவர் இடது பக்கம் ஒடித்தார், மொபெட்காரன் தப்பினான். சக்கரம் மண்ணில் இறங்குகிறதே என்று வலது பக்கம் திருப்பி ஒடித்தார். அந்த இரண்டாவது ஒடிப்பில்தான் வண்டி சாய்ந்தது. "வேகம் அம்பதுக்கு மேல இல்லீங்கண்ணா, முதல் ஒடிப்புல நின்னுடுச்சு, ரெண்டாவதுலதான் தூக்கிருச்சு" என்று ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. நான் மட்டும் அந்தக் கூண்டின் மேல் அடுக்கை வாங்கி வந்து பட்டறைக்குப் பின்னால் போட்டுவைத்தேன். இன்றைக்கு உன் அம்மா பாகற்கொடி ஏற்றியிருக்கிறாளே, அந்தச் சட்டம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாளாக, பக்கத்து வீட்டுப் பையனைக் கூட வைத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சோதனைகளைப் பற்றிப் படித்தேன். அங்கே அமெரிக்க அரசாங்கத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாடலிலிருந்து வண்டிகள் கவிழ எவ்வளவு வாய்ப்பு என்று நட்சத்திரம் போட்டு வெளியிடுகிறது. முதலில் வெறும் கணக்குதான். இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரை அளந்து அதில் பாதி. அதை வண்டியின் எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். நம் பட்டறை பாஷையில் சொன்னால், அகலம் 60 அங்குலம், எடை மையம் 27 அங்குலத்தில் இருந்தால் 30-ஐ 27-ஆல் வகுத்து 1.11. அதே அகலத்தில் எடை மையம் 21 அங்குலத்தில் இருக்கும் காருக்கு 1.43. எண் பெரிசாக இருந்தால் வண்டி சுலபமாகக் கவிழாது. சாதாரணக் கார்கள் 1.3-லிருந்து 1.5-க்குள் வரும். உயரமான எஸ்.யூ.வி.களும் பிக்கப்புகளும் 1.0-லிருந்து 1.3-க்குள். முப்பது வருஷம் டேப்பும் கையுமாக இருந்த எனக்கு இந்த ஒரு வகுத்தல் தெரிந்திருந்தால் ஆறாவது அடுக்குக்குத் தலையாட்டியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அப்போது காசு முடை.

கணக்கு மட்டும் போதாது, ஓட்டியும் பார்க்க வேண்டும் என்று 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்த வருஷம் ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் என்ற டயர் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது உனக்குத் தெரிந்திருக்காது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற எஸ்.யூ.வி.யில் மாட்டியிருந்த டயர்கள். வெயில் காலத்தில், வேகத்தில் டயரின் மேல் பட்டை பிய்ந்துபோய் வண்டிகள் கவிழ்ந்தன. நீ இருக்கும் டெக்சாஸ் போன்ற சூடான ஊர்களில்தான் அதிகம். நூறு பேருக்கு மேல் செத்த பிறகுதான் சட்டம் வந்தது. எந்த நாடானாலும் சட்டம் பிணத்துக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது.

அப்படி வந்த சோதனைக்குப் பெயர் என்ன தெரியுமா? தூண்டில் முள். வண்டி போகும் தடம் அந்த வடிவத்தில் இருக்கும். ஐந்து பேர் எடையை ஏற்றிக்கொண்டு 56 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, படிப்படியாக 80 வரை ஏற்றுகிறார்கள். ஸ்டியரிங்கை ஒரு இயந்திரம் படக்கென்று ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடிக்கிறது. ஒரு பக்கத்து இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் இரண்டு அங்குலம் தரையை விட்டு எழும்பினால் வண்டி தோற்றது. முழுக்க உருண்டுவிடாமல் இருக்க, குழந்தை சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டுவது மாதிரி இரண்டு பக்கமும் நீண்ட கைகளை மாட்டிவிடுகிறார்கள். அந்த வீடியோவை நான் முழுசாகப் பார்க்கவில்லை. முதல் ஒடிப்பில் ஸ்பிரிங் அமுங்குகிறது, இரண்டாவதில் அமுங்கிய ஸ்பிரிங்கே உதைத்துத் தள்ளுகிறது. ஆஸ்பத்திரியில் டிரைவர் சொன்னது அதேதான்.

"ஃபைவ் ஸ்டார் வண்டிப்பா" என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் பையனை விட்டுத் தேடச் சொன்னேன். முன்பக்க மோதலுக்கு ஐந்து, பக்கவாட்டுக்கு ஐந்து. கவிழ்வதற்கு மூன்று. மூன்று என்றால், வேறு வண்டி மேல் மோதாமல் தானாக விபத்துக்குள்ளாகும்போது நூற்றுக்கு 20-லிருந்து 30 தடவை கவிழும் என்று அர்த்தம். ஐந்து நட்சத்திர வண்டிக்கு அது 10-க்குள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண் தரும் வழக்கம் 2011 மாடலில்தான் வந்தது. அதனால் 2007 வண்டிக்கு விற்கிறவர் தனக்குப் பிடித்த வரியை மட்டும் காட்டுவார். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முன்பக்க மோதல் நட்சத்திரத்தை அதே எடையுள்ள வண்டிகளோடுதான் ஒப்பிடலாம். கவிழ்வதற்கான நட்சத்திரத்தை எந்த வண்டியோடும் ஒப்பிடலாம். உன் தோழியின் பழைய செடானுக்குப் பார்த்தேன், நான்கு.

கவிழ்கிற வண்டிகள் எண்ணிக்கையில் ஏதோ கொஞ்சம்தான். 2010-இல் அங்கே நடந்த விபத்துகளில் 2.1 சதவீதத்தில்தான் வண்டி உருண்டது. ஆனால் வண்டிக்குள் இருந்து செத்தவர்களில் கிட்டத்தட்ட 35 சதவீதம் பேர் அந்த விபத்துகளில் செத்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள். பின் சீட்டில் உட்காரும் உன் தோழிகளிடமும் இதைச் சொல்.

அரசாங்கச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நினைக்காதே. அங்கே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று ஒரு பத்திரிகை 1936-லிருந்து வருகிறது. விளம்பரம் வாங்க மாட்டார்கள். சோதிக்கும் வண்டியையும் கடையில் சாதாரண ஆள் மாதிரி காசு கொடுத்து வாங்குவார்கள். 2010 ஏப்ரலில் லெக்சஸ் ஜி.எக்ஸ் 460 என்ற விலையுயர்ந்த வண்டியை "வாங்காதீர்கள்" என்று எழுதினார்கள். வளைவில் போகும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கி வண்டியே ஏறக்குறைய பக்கவாட்டாகத் திரும்பியது. அதைத் தடுக்க வேண்டிய மின்னணு அமைப்பு தாமதமாகத்தான் விழித்தது. லெக்சஸைச் செய்யும் டொயோட்டா விற்பனையை நிறுத்தியது, சாஃப்ட்வேரைத் திருத்தியது. மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் எழுதுவதும் எப்போதும் சுலபமாக ஒத்துக்கொள்ளப்பட்டதில்லை. 1988-இல் சுஸுகி சாமுராய் சட்டென்று ஒடித்தால் கவிழும் என்று எழுதினார்கள். வண்டி கவிழும்வரை சோதனையை மாற்றி மாற்றிச் செய்தார்கள் என்று சுஸுகி 1996-இல் வழக்குப் போட்டது. 2004-இல்தான் சமரசமானது. நம் ஊர் வனத்துறை ஜிப்ஸி அந்தச் சாமுராயின் சொந்தக்காரன்தான். 1993-இல் ஜிப்ஸியின் சக்கர அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டி "வைட் ட்ராக்" என்று விற்றார்கள். நான்கு விரல் அகலம் கூட்டியதில் ஓட்டுகிற கைக்கு வித்தியாசம் தெரியும். நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன்.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? வண்டி வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் அந்த மின்னணு அமைப்பு, ஈ.எஸ்.சி., இருக்கிறதா என்று பார். 2012 மாடலிலிருந்துதான் கட்டாயம். 2007-இல் சில வண்டிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில், கார் வளைந்து வளைந்து போகிற மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணைய வேண்டும். தனியாக விபத்தாகும் எஸ்.யூ.வி.கள் கவிழ்வதை இது 84 சதவீதம் குறைக்கும் என்று அரசாங்கமே கணித்தது. அது இல்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடு. ஆயிரம் டாலர் குறைத்தாலும் விட்டுவிடு.

மேல் கூரை பற்றியும் ஒரு வார்த்தை. 1973 விதிப்படி வண்டி எடையில் ஒன்றரை மடங்கைக் கூரை தாங்கினால் போதும். 2009-இல் அதை மூன்று மடங்காக்கினார்கள். உன் 2007 வண்டிக்குப் பழைய விதிதான். கூரையைத் தாங்கும் பில்லர் எவ்வளவு கனம் என்பதைத் தகட்டைத் தட்டிப் பார்த்து நான் சொல்லிவிடுவேன். இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய?

அப்புறம் அந்தக் கேரியர். பெட்டியெல்லாம் மேலே கட்டிக்கொண்டு பார்க்குக்குப் போகலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. இரண்டு செடானில் பிரிந்து போங்கள், பெட்டியை டிக்கியில் வையுங்கள். பெட்ரோல் காசு நான் அனுப்புகிறேன்.

இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால், முன் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டு ஓரத்தில் 17 எழுத்துள்ள எண் இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பு. கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்து தர வேண்டிய ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பையன் பார்த்துச் சொல்கிறேன் என்கிறான். டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று இருக்கும். அதையும் தெளிவாக எடு. போன தடவை மாதிரி உன் விரல் பாதி மறைக்க வேண்டாம்.

அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்.

அன்புடன்,
அப்பா