ஆளில்லாத வீட்டிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 18 உலக மரபு நாளை ஒட்டி எங்கள் ஊரில் நடந்த மரபு நடையைப் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. அதில் ஒன்று எங்கள் வீட்டு முகப்பு. கீழே, 'ஆளில்லாமல் உறங்கும் செட்டிநாட்டு வீடு' என்று இருக்கிறது. அந்த ஆளில்லாத வீட்டில்தான் உங்கள் நிருபர் தம்பி இரண்டு தரம் காபி குடித்தார். இரண்டாவது தரம் சர்க்கரை குறைவாகக் கேட்டார். பேய் போட்ட காபி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

எனக்கு எழுபத்தொரு வயது. மழைக்கு முன்னால் தகரக் குழாயில் அடைத்த இலையை எடுக்காவிட்டால் வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு, முழுக்கத் தண்ணீர். வருகிறவர்கள் எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்து, "முட்டைப் பூச்சா ஆச்சி?" என்று கேட்கிறார்கள். அப்படி முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறாரா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. போன வருஷம் வந்தவர் விரிசலில் சிமெண்டை அப்பிவிட்டுப் போனார். இப்போது அதைச் சுற்றியிருந்த நல்ல சுண்ணாம்பும் பொரிந்து விழுகிறது.

இந்த வீட்டுக்குப் பங்காளிகள் பதினாறு புள்ளி, அதாவது பதினாறு குடும்பம். நாலு ஓடு மாற்றக்கூடச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன் போட வேண்டும். அடுத்த தெரு வீட்டில் பங்காளிகள் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள், இடிப்பதில். பர்மா தேக்குத் தூண்கள் லாரியில் ஏறியதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், ஒரு பழம்பொருள் கடை வாசலில் அந்த வீட்டு நிலைக்கதவு சாத்தி வைத்திருந்தது. அந்தக் கதவைத் தாண்டி எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பேன்! 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பட்டியல் லாரியை மறிக்கவில்லை.

நடைக்கு வந்தவர்கள் ஊருணிக் கரையில் நின்று முன்னோர்களின் நீர் சேமிப்பைப் பற்றிப் பேசினார்கள், ஃபிளெக்ஸ் பேனர் கட்டி. கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வீட்டுக்குப் போக மிச்சம் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போனது வாஸ்தவம்தான். இப்போது போகாது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எங்கள் வாசல்படி ஒன்று மண்ணுக்குள் போய்விட்டது. கால்வாயும் கூடவே போனது. மனு கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது. கூட்டம் கலைந்த பிறகு ஊருணிப் படியில் கிடந்த தண்ணீர் பாட்டில்களை நானும் பால்காரரும் பொறுக்கினோம். பதினெட்டு. அது குளிக்கிற குளமில்லை, நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த நடைக்கு வருகிறவர்களை ஆளுக்கொரு சொம்பு கொண்டுவரச் சொல்லி எழுதுங்கள். குடிக்கத் தண்ணீர் எங்கள் கிணற்றில் இருக்கிறது, நானே இறைத்து ஊற்றுகிறேன். படத்துக்குக் கீழே போட்ட வரியையும் திருத்திவிடுங்கள். மகள் வெளியூரிலிருந்து பேப்பரைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க எங்க போயிட்டீங்க?" என்று போன் போடுகிறாள்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் ஓர் ஆச்சி,
காரைக்குடி வட்டாரம்