நாலு தடவைக்கு ஒரு தடவை வரும் பிழை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் டெபியன் லினக்ஸ் கணினியில் ஆப்ட் (மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி) அவ்வப்போது தரும் பிழைக்கே நேராக வருகிறேன், போன மாதம் நானும் இதே பிழையோடு மல்லுக்கட்டியவன்.

'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்', அதாவது இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று வருகிறது, திரும்ப ஓட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடுகிறது என்கிறாய். தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதே. நான் அப்படி விட்டு இரண்டு வாரம் போனது. அடுத்த முறை வந்ததும், வேறு எதையும் தொடாமல், முழுச் செய்தியையும் நேரத்தோடு எடுத்து வை. ஒரே மிரர் (மென்பொருள் பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் தளம்) பெயருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருக்கலாம், அதில் ஒன்று மட்டும் பாதி சிங்க் ஆன (புதிய கோப்புகள் பாதியே வந்துசேர்ந்த) நிலையில் இருந்தாலே இப்படி விட்டுவிட்டு வரும். எப்போதும் ஒரே ஐபி முகவரியில்தான் உடைகிறது என்றால் மிரரை மாற்று, வேலை முடிந்தது.

என் விஷயத்தில் அப்படி இல்லை. மிரரை மாற்றினேன், வைஃபையை விட்டுக் கேபிளுக்குப் போனேன், ஒவ்வொரு முறையும் வேறு பேக்கேஜ் உடைந்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன்: ஹேஷ் பொருந்தாத கோப்பை ஆப்ட் 'பார்ஷியல்' கோப்பகத்தில் 'ஃபெயில்டு' என்ற வாலோடு விட்டுவைக்கிறது. அதை எடுத்து, அதே கோப்பின் சரியான பிரதியோடு சிஎம்பி (cmp) கட்டளையில் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கோப்பு பாதியில் நின்றிருந்தால் நெட்வொர்க், உள்ளே ஏதோ வலைப்பக்கம் இருந்தால் நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கோ பல மெகாபைட் கோப்பில் ஒரே ஒரு பைட், அதிலும் ஒரே ஒரு பிட் மாறியிருந்தது! வழியில் அப்படி மாறினால் டிசிபி செக்சம் (நெட்வொர்க்கில் வரும் தரவைச் சரிபார்க்கும் எண்) பிடித்துவிடும், அதனால் சந்தேகம் நேராக ராம், அதாவது கணினியின் நினைவகம் மேல் போனது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், காலையில் திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள். இரண்டு ராம் குச்சிகளில் ஒன்றைக் கழற்றினேன், அதோடு பிழை நின்றது.

ஒரே கோப்புக்கு இரண்டு முறை ஷா256சம் (sha256sum, ஹேஷைக் கணக்கிடும் கட்டளை) போட்டு, விடை மாறுகிறதா என்றும் பார்க்கலாம், ஆனால் சின்னக் கோப்பு என்றால் இரண்டாம் முறை கேஷிலிருந்தே (ராமில் ஏற்கெனவே இருக்கும் பிரதியிலிருந்தே) படிக்கும், தப்பான விடையே திரும்பவும் வரும். ராமைவிடப் பெரிய கோப்பாக எடு.

ஆப்டுக்கு லாக் (ஒரு நேரத்தில் ஒன்றே ஓடவேண்டும் என்பதற்கான பூட்டு) கிடைக்கவில்லை என்று நீ எழுதியது தனிக் கதை, பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். காத்திரு, லாக் கோப்பை மட்டும் அழித்துவிடாதே.

ராம்தான் என்று தெரிந்தால் dpkg --verify கட்டளையையும் ஒரு தடவை ஓட்டு, ஏற்கெனவே நிறுவியதில் எது கெட்டிருக்கிறது என்று தெரியும். எனக்கு மூன்று கோப்புகள் மாட்டின. அதைவிட உன் சொந்தக் கோப்புகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை, பேக்கப் எடுப்பதாக இருந்தால் பழைய பேக்கப்பின் மேல் எழுதாமல் தனியாக எடு.

சிஎம்பி என்ன சொல்கிறது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்