அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வரும் நாளில்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

வெடிச் சத்தம் கேட்டால் வகுப்பறையில் என்ன நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் ஒரு தரம் அதிரும். போர்டில் எழுதிக்கொண்டிருக்கும் கை நிற்கும். பிள்ளைகள் எல்லாரும் எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். கிழக்கே என்றால் இவள் அம்மா, மேற்கே என்றால் அவன் அப்பா என்று அந்த ஒரு நிமிஷத்தில் எல்லார் மனசிலும் கணக்கு ஓடும். 2011 ஆடி மாதத்தில் அந்தக் கணக்கு என்னிடம் வந்து நின்றது. நான் அப்போது பத்தாம் வகுப்பு.

அம்மா பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், ஃபேன்சி ரகத்துக்கு வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். காலையில் ஆபீஸ் வேன் வருவதற்குள் எனக்கும் தங்கச்சிக்கும் சடை பின்னி முடித்திருப்பாள். சாயங்காலம் வரும்போது அலுமினியத் தூள் படிந்து கை வெள்ளியாய் மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மருந்து உராய்வில் விபத்து என்று பேப்பரில் நாலு வரி வந்தது. அம்மாவோடு சேர்த்து இரண்டு பேர்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பள்ளிக்கூடம் போனேன். இந்த மடலை எழுதக் காரணமே அந்த முதல் வாரம்தான்.

முதல் பீரியடில் ஓர் ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தினார். "இந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை. எல்லாரும் இவளிடம் அன்பா நடந்துக்கணும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வகுப்பே திரும்பிப் பார்த்தபோது எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிரேயரில் மேடையேற்றி உதவித்தொகைக் கவரைக் கொடுத்தார்கள். ஃபோட்டோ எடுத்தவர், கவரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பணம் எங்களுக்கு நிஜமாகவே தேவைப்பட்டது, அப்பா மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியபோது இனி இந்தப் பள்ளிக்கு வரக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

என்னைத் தங்க வைத்தது பக்கத்து பெஞ்சுப் பிள்ளை. அதற்கு முன்னால் அவளோடு அதிகம் பேசியதுகூட இல்லை.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும், அந்த வருஷம் சமச்சீர் கல்வி வழக்கினால் பள்ளி திறந்தும் புத்தகம் வரவில்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் கொடுத்தார்கள். நான் அப்போது வீட்டில் இருந்தேன். அவள் என் செட்டையும் கேட்டு வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, லேபிளில் என் பெயரை எழுதி வைத்திருந்தாள். என் பெஞ்சில் என் இடத்தில் அந்தப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

அப்புறம் தலைமுடி. மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். எனக்கோ பின்னத் தெரியாது. பதினாறு நாள் எண்ணெய் காணாத தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. தெரிந்த மட்டும் முறுக்கி ரிப்பன் சுற்றிக்கொண்டு போனேன். கேட்டில் நிறுத்தி, "இதென்ன கோலம்?" என்று கேட்டார்கள். மறுநாள் அவள் என் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். பழைய இருமல் மருந்து பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தாள், ஒரு சீப்பும். "திரும்பு" என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள். அம்மாவுக்குப் பிறகு என் தலையில் பட்ட முதல் கை அது. குலுங்கி அழுதேன். "தலையை ஆட்டாதே, கோணப் போயிரும்" என்று மட்டும் சொன்னாள்.

பாதிச் சடையில் பிரேயர் மணி அடித்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த எங்கள் கிளாஸ் டீச்சர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். "ரெண்டாவதையும் முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜிஸ்டரில் இரண்டு பேருக்கும் பிரசென்ட் போட்டிருந்தார்.

அது மார்ச் வரைக்கும் நடந்தது. ஒரு வாரத்தில் தங்கச்சியும் வந்து உட்கார்ந்தாள். ஒருத்தி ரிப்பனைப் பிடித்துக்கொள்வாள், இன்னொருத்தி ஒரு மார்க் கேள்விகளைக் கேட்பாள், தப்பாகச் சொன்னால் சடையைப் பிடித்து ஒரு இழுப்பு. வகுப்பில் எனக்கென்று ஓர் இடம் அப்படித்தான் உண்டானது. கணக்கு சாரையும் சொல்ல வேண்டும். எல்லாரையும் திட்டுவது போலவே என்னையும் திட்டினார். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது கிளாஸ் டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா பேரு எழுத்து சரியா இருக்கா, பாரு" என்றார். மற்ற பிள்ளைகளுக்குப் போலவே எழுதியிருந்தார். இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு அலைந்ததும் அவர்தான். இதெல்லாம் வகுப்பில் யாருக்கும் தெரியாது.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்த நாள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. மறுவாரம் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நானும் என் தோழியும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதுவும் கேட்கவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, சந்தோஷம்தான். பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் அறிவித்தார். 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2000 ரூபாய் உண்டு. ஆனால் மனைவியைப் பறிகொடுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மனுஷர் எந்த ஃபாரத்தை நிரப்புவார்? உங்களில் ஒருவர் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் ரூமில் வைத்து முடியுங்கள். "அப்பா அம்மா இல்லாதவங்க கை தூக்குங்க" என்று வகுப்பில் கேட்காதீர்கள், பெயர் உங்கள் ரெஜிஸ்டரிலேயே இருக்கிறது. மேடை வேண்டாம், ஃபோட்டோ வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள், ஒருத்தியைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்றே ஒன்று. பிரேயர் மணி அடித்த பிறகும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்து, ஒருத்தி கையில் சீப்பு இருந்தால், தயவுசெய்து இன்னும் பத்து நிமிஷம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி