பேய்க்கணவாய் முட்டிகள்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. வேலையைச் சாட்டாகச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் உண்மையான சாட்டு அதுதான். செப்டெம்பரில் மூன்று கிழமை போர்த்துகலில் நின்றேன். லிஸ்பனுக்குத் தெற்கே செதுபால் என்றொரு துறைமுக ஊர். அதற்கு எதிரே துரோயா என்ற ஒடுங்கிய மணல் நாக்கு. இரண்டுக்கும் நடுவில் சாதோ ஆறு கடலில் விழுகிறது. ரெப்மஸ் என்கிற பயிற்சி அங்கேதான் நடக்கிறது. போர்த்துகல் கடற்படையும் போர்த்தோ பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் 2010 இல் சின்னதாகத் தொடங்கினவை. இப்போது நேட்டோ நாட்டுக் கடற்படைகள், ஆய்வுகூடங்கள், எங்களைப் போன்ற கம்பனிகள் எல்லாம் ஆளில்லாப் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் கொண்டுவந்து ஒரே கடலில் விட்டுப் பார்க்கிற இடமாகிவிட்டது.

எங்கள் சாமானைப் பற்றி, கடலடியில் கண்ணிவெடி தேடுகிற ஆளில்லாக் கலத்தைப் பற்றி, முன்பே சொல்லியிருக்கிறேன். டோர்பிடோ மாதிரி நீளமாக இருக்கும், இரண்டு பேர் தூக்கலாம். மனிதன் வேகமாக நடக்கிற வேகத்தில் கடலடிக்கு மேலே போய்க்கொண்டு இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பும். திரும்பி வருகிற ஒலியிலிருந்து படம் வரும். அந்தப் படத்தில் பொருளை விட அதன் நிழல்தான் முக்கியம். ஒரு கல்லும் ஒரு கடல் கண்ணிவெடியும் ஒரே அளவு பளபளப்பாகத் தெரியலாம். பின்னால் விழுகிற நிழலின் வடிவத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இத்தாலியர்கள் செய்த மான்டா என்றொரு கண்ணி, கவிழ்த்த தொப்பி மாதிரி, கடலடியில் சும்மா கிடக்கும். 1991 இல் வளைகுடாவில் பிரின்ஸ்டன் என்ற பெரிய அமெரிக்கப் போர்க்கப்பலைப் பலமாகச் சேதப்படுத்தியது அதுதான். பயிற்சியில் வெடிமருந்து இல்லாத போலிகளைப் போட்டுவைத்து, கண்டுபிடி பார்ப்போம் என்று விடுவார்கள்.

கண்காட்சி என்றதும் நீ யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபத்தையும் மேசை விரிப்பையும் நினைப்பாய். கூடாரத்துக்குள் அதுவும் உண்டுதான், விருந்தினர் தினத்தில். கோட்டுப் போட்டவர்கள் வருவார்கள், துண்டுப்பிரசுரம் கொடுப்போம். ஆனால் அதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. தண்ணீரில் என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். இன்னொரு நாட்டுக்காரனின் கலத்தோடு உன் கலம் கதைக்குமா என்றும் கேட்பார்கள். தண்ணீருக்கடியில் ரேடியோ எடுபடாது, ஒலியால்தான் கதைக்க வேண்டும், முன்பு ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒரு பாஷை வைத்திருந்தது. 2017 இல் நேட்டோ ஜானஸ் என்ற பொதுப் பாஷையை ஏற்றுக்கொண்டது. படு மெதுவான பாஷை, ஒரு செக்கனுக்கு ஒன்றிரண்டு சொல் என்று வைத்துக்கொள். இருந்தும் எங்கள் கலம் அனுப்பிய "நான் இங்கே இருக்கிறேன்" என்பதை வேறொரு நாட்டுக்காரரின் திரையில் பார்த்தபோது மயிர் கூச்செறிந்தது. முதலாளிக்கு அது விளங்கவில்லை. "இதில் எத்தனை விற்கும்?" என்று கேட்டார்.

சரி, இனி அவமானக் கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடக் கண்காட்சியில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ ஓட்டிக் காட்டினோமே, அதிபர் வந்து நின்றதும் வயர் அறுந்ததே, நினைவிருக்கிறதா? அதேதான். விருந்தினர் தினத்தன்று காலையில் எங்கள் கலம் போய்வந்து, கண்ணி போன்ற பொருள்கள் பதினொன்று என்று படம் தந்தது. பதினொன்றும் ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில். கண்ணிகளை இப்படித்தான் வரிசையாகப் போடுவார்கள் என்று நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டு நின்ற உள்ளூர்க் கடற்படைக்காரர் ஒருவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அது பேய்க்கணவாய், அதுதான் ஒக்டோபஸ், பிடிக்கிற முட்டிகள்! அந்தப் பக்கத்து மீனவர்கள் முட்டிகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் விடுவார்கள். பேய்க்கணவாய் வீடென்று நினைத்து உள்ளே போய்க் குந்திக்கொள்ளும். முன்பு மண்முட்டி, இப்போது அநேகமாகப் பிளாஸ்டிக்.

எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. ஆனால் அந்த மனிதர் பேந்து தனியாக வந்து இருந்து, எங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொய் எச்சரிக்கை வராத கருவி என்று யாராவது சொன்னால் தான் அந்தக் கூடாரத்தை விட்டுப் போய்விடுவாராம். எத்தனை வீதம் நிச்சயம் என்று உங்கள் கலம் ஏன் சொல்லவில்லை, சந்தேகம் என்றால் சந்தேகம் என்று எழுதச் சொல்லுங்கள் என்றார். அன்றிரவே இரண்டு பெடியளோடு இருந்து அதை மாற்றினோம். அடுத்த நாள் ஒரு போலி மான்டாவைச் சரியாகக் கண்டது. பக்கத்தில் கிடந்த பழைய டயரையும் கண்டது, ஆனால் கீழே சந்தேகம் என்று போட்டிருந்தது.

அப்போது உன்னைத்தான் நினைத்தேன். முகமாலையில் நிலக்கண்ணி அகற்ற முழங்காலில் இருந்து நீ கிளறுகிற ஒவ்வொரு பீப் சத்தமும் அநேகமாக ஆணி, செல் துண்டு, டின் மூடிதானே. உன் கடிதத்தில் ஒரு நாள் முழுக்க இரும்புத் துண்டுகளாக வாளி நிறைந்தது என்று எழுதியிருந்தாய். நான் அதை அலுப்பென்று வாசித்திருந்தேன். 2028 க்குள் முடித்துவிடுவோம் என்று அரசாங்கம் சொல்கிறதாமே, உங்கள் ஆக்கள் என்ன நினைக்கிறார்கள்?

இன்னொன்று, இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. சீருடையோடு ஒருவர் எங்கள் மேசையை நோக்கி வரும்போதெல்லாம் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது, அடையாள அட்டையைத் தேடி. இத்தனை வருடத்துக்குப் பிறகும்! கழுத்தில் பயிற்சி அட்டை தொங்குகிறது, அவர் என்னிடம் கேள்வி கேட்டுப் படிக்க வருகிறார், அப்படியிருந்தும் போகிறது. கண்ணி தேடுகிற வேலை என்பதால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. பக்கத்துக் கூடாரத்தில் வெடிமருந்து ஏற்றுகிற படகைக் காட்டினார்கள். அதையும் ஆவலாகத்தான் பார்த்தேன், அதுதான் கரைச்சல்.

ஊர் வடிவான ஊர். பேக்கரியில் பாண் என்றேன், விளங்கிவிட்டது! கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து எல்லாம் அவர்கள் 1619 இல் எங்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து ஆண்டுவிட்டு விட்டுப்போன சாமான்கள்தானே. பொரித்த கணவாய் அங்கே பெயர்போனது, ஆனால் உன் அம்மா பொரிப்பதற்குக் கிட்டவும் வராது. ஆற்று வாயில் முப்பது ஓங்கில் (டொல்பின்) அளவில் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. எங்கள் கலம் ஓடும்போது ஒருநாள் மூன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அமெரிக்கக் கடற்படை சான் டியேகோவில் ஓங்கில்களைக் கண்ணி தேடப் பழக்கி வைத்திருக்கிறது. முட்டியையும் கண்ணியையும் அவை மாறாட்டமாகப் பார்க்காது என்று நினைக்கிறேன்.

செதுபால் முன்பு சாளை மீன் டின் அடைத்தே பிழைத்த ஊர். பத்து டின் வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன், மார்கழியில் வரும்போது கொண்டுவருவாள். ஆறு அம்மாவுக்கு, நாலு உனக்கு. சாப்பிட்டுவிட்டு வெறும் டின்னை முகமாலைப் பக்கம் எறிந்துவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்