அந்தப் பாட்டின் பெயர் சுகியாகி அல்ல

பாட்டுச் செயலிகளில் பட்டியல் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியப் பாடகர் சகமோட்டோ கியூ பாடிய 'உஎ ஓ முயிதெ அருகோ' பாட்டு இன்னும் 'சுகியாகி' என்றே பல இடங்களில் கிடக்கிறது. சுகியாகி என்பது மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சியைக் காய்களோடு சட்டியில் வேகவைக்கும் பதார்த்தம். பாட்டில் வருபவனோ கண்ணீர் சிந்தாமலிருக்க வானத்தைப் பார்த்தபடி இரவில் தனியே நடக்கிறான். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1963 தொடக்கத்தில் பிரிட்டனின் 'பை' என்ற இசைத்தட்டு நிறுவனம் கென்னி பால் ஜாஸ் குழுவை வைத்து இந்த மெட்டை வாத்திய இசையாக வெளியிட்டது. மூலத் தலைப்பு அங்குள்ளவர்கள் வாயில் நுழையாது என்று, அவர்களுக்குப் பழகிய ஒரு ஜப்பானியச் சொல்லைச் சூட்டிவிட்டது. அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் கியூவின் குரலையே வெளியிட்டபோதும் தலைப்பை மாற்றவில்லை. அந்த ஜூனில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 3 வாரம் முதலிடம். முழுக்க ஜப்பானிய மொழியில் அந்த இடத்தைத் தொட்ட பாட்டு இன்றுவரை வேறில்லை. அமெரிக்காவோடான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960இல் நடந்த போராட்டம் தோற்ற வலியில்தான் எய் ரொகுசுகே இந்தப் பாட்டு வரிகளை எழுதினார். அது அமெரிக்காவிலேயே ஓடியதை என்னவென்று சொல்ல! 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பான் மறுபடி கையிலெடுத்ததும் இதைத்தான்.

இனி, திருத்த வேண்டியவை. முதன்மைத் தலைப்பில் ஜப்பானிய எழுத்தே இருக்கட்டும். 'சுகியாகி'யை மாற்றுத் தலைப்பு என்ற கட்டத்துக்கு நகர்த்துங்கள். ரோமன் எழுத்தில்தான் தேடல் அதிகம் தடுமாறுகிறது. நடுவிலுள்ள 'ஓ' என்ற உருபைச் சிலர் 'வோ' என்று எழுதுகிறார்கள். கடைசி நெடிலைச் சிலர் மேல்கோடிட்டும், சிலர் 'ஊ' சேர்த்தும், சிலர் வெறும் குறிலாகவும் எழுதுகிறார்கள். ஆக, 2 பெருக்கல் 3, ஆறு வடிவங்கள். ஆறையும் தேடல் சொற்களில் சேர்த்தால்தான் மூலப் பாட்டு முன்னால் வரும்.

ஆண்டு 1961. 1963 என்பது அமெரிக்க வெளியீடு. ஒலிப்பதிவுக் குறியீடான ஐ.எஸ்.ஆர்.சி.யைப் பார்த்து ஆண்டை நிரப்பாதீர்கள். அதில் முதல் ஐந்து எழுத்துகளை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் குறியீடு ஒதுக்கப்பட்ட ஆண்டைத்தான் காட்டும். அந்த முறையே 1986இல்தான் வந்தது. 61 என்று அதில் எதிர்பார்ப்பது வீண்.

அடுத்து, பதிவுகளைப் பிரிப்பது. 1981இல் மூன்றாம் இடம் பிடித்த எ டேஸ்ட் ஆஃப் ஹனி குழுவின் பாட்டும், 1990களில் ஃபோர் பி.எம். குழு பாடியதும் ஆங்கில வரிகள் கொண்டவை, காதல் முறிவைப் பற்றியவை. அவற்றின் பெயர் 'சுகியாகி'தான். அங்கே கைவைக்க வேண்டாம். மெட்டமைத்தவர் எல்லாவற்றிலும் நகமுரா ஹச்சிதாய். ஆனால் ஆங்கில வரிகளை ரொகுசுகே பெயரில் மட்டும் ஏற்றுவது தவறு, வரி எழுதியவர் பெயரும் வேண்டும். கென்னி பாலின் வாத்தியப் பதிவில் பாடகர் கட்டம் காலியாக இருக்கட்டும்.

சீழ்க்கை வருவதால் இதற்கு 'மகிழ்ச்சி' என்று முத்திரை குத்தாதீர்கள். அந்தச் சீழ்க்கை அழுகையை மறைக்கத்தான்.

பாடகர் பெயர் குடும்பப் பெயர் முன்னாகவும் பின்னாகவும் இரண்டு பக்கங்களாகப் பிரிந்திருந்தால் ஒன்றாக்குங்கள். 'கியூ' என்றால் ஒன்பது. அவர் வீட்டில் ஒன்பதாவது பிள்ளை. அந்த எழுத்தை எண் என்று நினைத்து 9 ஆக மாற்றிவிடும் தானியங்கி நிரலை மட்டும் இந்தப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள்.