அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர் வேலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

கோவை கணபதி லேத் பட்டறை அண்ணனுக்கும், பீளமேட்டு வயர் கட் (மின்பொறியால் உலோகத்தை வெட்டும் கம்பி மெஷின்) தம்பிகளுக்கும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஐயாவுக்கும் வணக்கம்.

எங்கள் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் கார்களின் டிஸ்ட்ரிபியூட்டர்கள் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் பாகம்) பாயிண்டை (திறந்து மூடி ஸ்பார்க்கைத் தூண்டும் தொடுமுனை) விட்டு, காந்தத்தை உணரும் ஹால் சென்சாருக்கு மாறிவிட்டன. கடையில் வாங்கியது சென்சாரும், அதன் சைகைப்படி ஸ்பார்க் காயிலை இயக்கும் மாட்யூலும் மட்டும்தான். மற்றதெல்லாம் உங்கள் கைவேலை.

லேத் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. நாங்கள் எலக்ட்ரானிக்ஸ் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர் 25டி4 மாடல் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டில் டயல் கேஜ் வைத்து அசைத்துக் காட்டினார்: பக்கவாட்டில் 0.2 மி.மீ. ஆட்டம். பாயிண்ட் இடைவெளியே 0.35 முதல் 0.40 மி.மீ.தான், அதில் பாதி, ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷின் தேய்மானத்திலேயே போய்விடுகிறது. இதை விட்டுவிட்டு எந்தச் சென்சாரைப் போட்டாலும் ஸ்பார்க் நேரம் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறத்தான் செய்யும். சின்டர்டு வெண்கலப் புஷ்ஷை 24 மணி நேரம் மெல்லிய இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு, ஷாஃப்ட் அளவுக்கே மெருகிட்ட மாண்ட்ரல் கம்பியை உள்ளே விட்டு அழுத்தி இறக்கினார். துளையைச் சீவி அகலமாக்கும் ரீமரை ஓட்டவே விடவில்லை. ஓட்டினால் ஆயில் ஊறிவரும் நுண்துளைகள் இழுபட்டு அடைந்துபோகும், புஷ் சீக்கிரமே வறண்டுவிடும்.

அடுத்தது, சென்சாருக்கு எதிரே சுழலும் காந்தங்களைப் பிடித்திருக்கும் வளையம். ஷாஃப்டின் மேல் பாகமான கேம் மேல் இறங்கி உட்காரும் இந்த வளையம் 32 மி.மீ. வெளிவிட்டம், அலுமினியம். இரும்பில் செய்தால் காந்தப்புலம் வளையத்துக்குள்ளேயே சுற்றிவிடும், சென்சாருக்கு எட்டுவது குறையும். கேமின் நான்கு முகடுகளுக்கும் பொருந்தும் உள்வடிவம் லேத்தில் வராது. அதை வயர் கட்டில் எடுத்துக்கொடுத்த தம்பிகள், சின்ன ஜாப் என்று ஒதுக்காமல் கேமையே அளந்து வரைபடம் போட்டார்கள். காந்தக் குழிகள் நான்கையும், சுற்றைச் சம பாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டில் போட்டாயிற்று. கைப்பிடி 40 சுற்றினால் வேலை ஒரு சுற்று திரும்பும் 40:1 ஹெட்டில் 90 டிகிரிக்குக் கைப்பிடி சரியாக 10 சுற்று. ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். தாண்டிப்போய்த் திருப்பினால் பல்லிடை ஆட்டம் கணக்கில் ஏறிவிடும். இந்த விட்டத்தில் குழி 0.14 மி.மீ. நகர்ந்தாலே டிஸ்ட்ரிபியூட்டரில் அரை டிகிரி, இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் ஒரு டிகிரி.

காந்தம் வாங்கும்போது கவனம் வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும். 150 டிகிரி தாங்கும் எஸ்எச் ரகம்தான் சரி. 4 மி.மீ. காந்தங்களை, தென்முனை வெளியே பார்க்க, எபாக்ஸி வைத்து ஒட்டினோம். ஒன்று தலைகீழாகப் போனால் ஒரு சிலிண்டரில் ஸ்பார்க்கே வராது. சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி 1 மி.மீ.

எலக்ட்ரீஷியன் ஐயா பார்த்துக்கொடுத்தவை, வெளியே தெரியாத வேலைகள். வேக்குவம் அட்வான்ஸில் (இன்ஜின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் அமைப்பு) அசையும் பிளேட்டின் எர்த் பின்னல் வயரை அவர் கழற்ற விடவில்லை. சென்சார் வயருக்கும் அந்த அசைவுக்குத் தளர்வு விட்டு, பல இழை சிலிக்கான் வயர் போட்டார். பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரி பாசிட்டிவ் பாடியோடு சேர்ந்தது) இருந்த வண்டியை முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினார்: பேட்டரி முனைகளைத் திருப்பி, காயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்றி, டைனமோவின் துருவமும் மாற அதன் எஃப் (ஃபீல்ட்) முனையில் பேட்டரி பாசிட்டிவை ஒரு கணம் தொட்டு எடுத்தார். இது செய்யாமல் சாவி போட்டால் மாட்யூல் அங்கேயே முடிந்தது. செம்பு பிளக் வயரையும் மாற்றச் சொன்னார். அதன் இரைச்சல் சென்சாரை ஏமாற்றும். கார்பன் வயர் போட்டதும் அதிக ஆர்பிஎம்மில் இருந்த தடுமாற்றம் நின்றது. காயில் 3 ஓம். மாட்யூல் தெர்மல் பேஸ்ட் தடவி ஃபெண்டர் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, இன்ஜின் மேல் இல்லை.

பிளக் இடைவெளியை 0.6-லிருந்து 0.75 மி.மீ. ஆக்கியிருக்கிறோம். அதற்கு மேல் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டரின் பழைய கேப்பும் (மூடி), உள்ளே சுற்றும் ரோட்டாரும் கரண்டைக் கசியவிடும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் வரும் வரிசை) 1-3-4-2 அப்படியே. ரோட்டார், மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. டைமிங் லைட்டில் குறி இப்போது ஆடாமல் நிற்கிறது.

லேத் அண்ணா, கூலி கேட்டால் "அப்புறம் பார்த்துக்கலாங்க" என்றே தள்ளிப்போடுகிறீர்கள். இந்த வாரம் கணக்கை முடித்துவிடுவோம். வரைபடம் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கூடுதலாகச் செய்த வளையங்களும் அங்கேதான். 25டி4 வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கேமை மட்டும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு எடுங்கள்.